அப்பா தேய்த்த ரிம்

அப்பா விட்டுச்சென்ற வியோஸ் காரின் ஸ்போர்ட் ரிம்மில் முதல் கீறல் என் கையால்தான் விழுந்தது. அதிகாலை ஒலிபரப்புக்குப் போகும் வழியில் பஞ்சர். மலிவாக வாங்கிய தடித்த சாக்கெட்டை நட்டுக் குழிக்குள் திணித்துத் திருகினேன். குழியின் சுவர் வட்டமாக உரிந்துவிட்டது. ஞாயிறுதோறும் அவர் பழைய பல்துலக்கியால் தேய்த்த இடம்! "அப்பா இருந்திருந்தா ஒரு வாரம் பேசமாட்டாரு," என்றார் அம்மா.

இப்போது தடிமன் குறைந்த 21 மில்லிமீட்டர் சாக்கெட் வைத்திருக்கிறேன். உள்ளே ஆறு முனை, வெளியே பிளாஸ்டிக் உறை. உறையில் மணல் ஒட்டியிருந்தால் அதுவும் கீறும், துடைத்துவிடுங்கள், கிழிந்தால் மாற்றுங்கள். வாங்குமுன் உங்கள் நட்டின் அளவைப் பாருங்கள். ஹோண்டா கார்கள் பலவற்றுக்கு 19. டயர் மாற்றப் போனாலும் என் சாக்கெட்டைத்தான் நீட்டுகிறேன். பட்டறை அண்ணன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார்.