கசியும் வால்வுக்கு ஒரு கிளிப்

இதயத்தின் மைட்ரல் வால்வு சரியாக மூடாவிட்டால் இரத்தம் பின்னோக்கிக் கசியும். மார்பைத் திறக்காமல், தொடை இரத்தக்குழாய் வழியாகச் சென்று வால்வின் இதழ்களைக் கவ்விப் பிடிக்கும் மைட்ராகிளிப் 2003-ல் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. கொடியில் காயும் துணிக்கு கிளிப் போடுவது போலத்தான்!

ஆனால் இதனால் பயன்பெறுவோர் பெரும்பாலும் முதியவர்கள். பெரியபாளையத்துப் பள்ளிச் சிறுவனுக்குத் தொண்டை வலியாகத் தொடங்கி ருமாட்டிக் காய்ச்சலாக மாறினால், வால்வு இதழ்கள் நாளடைவில் தடித்துச் சுருங்கிவிடலாம். அவற்றில் கிளிப் சரியாகப் பிடிக்காது. கசிவு முற்றினால் பெரும்பாலும் மார்பைத் திறந்துதான் ஆகவேண்டும்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதலில் பொருத்தப்பட்டது. விலை குறைவுதான். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, அடிக்கடி பரிசோதனை. கூலி வேலைக்காரருக்கு ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.