அரைக்காசுக் கணக்கு

புதுக்கோட்டைச் சீமையில் வாழ்கிறவர்கள் காசை எண்ணிப் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. திருக்கோகர்ணத்தில் எழுந்தருளியிருக்கும் பிருகதாம்பாளுக்கே ‘அரைக்காசு அம்மன்’ என்றுதான் பெயர். சமஸ்தான காலத்தில் அம்மன் உருவம் பொறித்த செப்புக் காசு இங்கே தனியாக வழங்கிற்று. 1948-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்தது. அம்மன் காசு வழக்கொழிந்தது. கணக்குப் பார்க்கும் பழக்கம் மட்டும் நம் போன்ற உபாத்தியாயர்களிடம் நிலைத்துவிட்டது.

சென்ற பொங்கல் விடுமுறைக்கு நமது தமக்கையும் அத்தானும் குழந்தைகளுடன் வந்திருந்தார்கள். அத்தான் யாத்திரைப் பிரியர். ஜெய்ப்பூருக்கு நம்மை அழைத்துப் போனவரும் அவரே. அங்கே ஆம்பேர் கோட்டை, ஜந்தர் மந்தர், ஹவா மஹால் முதலிய பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு உண்டு. இரண்டு நாள் செல்லும். தனித்தனியாக வாங்குவதைவிட லாபந்தான், சந்தேகமில்லை. ஆனால் சீட்டை வாங்கிய கணத்திலிருந்து நாங்கள் சீட்டுக்கு அடிமைகளானோம். “கொடுத்த பணம் வீணாகலாமா?” என்று ஓடினோம். நம் தாயார் மட்டும் வாசல்தோறும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் திரும்பியதும், “என்ன பார்த்தீர்கள் அம்மா?” என்று கேட்டோம். “உங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டேன்” என்றார்கள்!

இங்கே வந்து இறங்கியதும் அத்தான் கேட்ட முதல் கேள்வி, “மாப்பிள்ளை, உங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சீட்டு இல்லையா?” என்பதுதான்.

இல்லை என்றோம். இருந்தால் லாபமா என்று அன்றிரவு கணக்குப் போட்டோம். சித்தன்னவாசல், கொடும்பாளூர் மூவர் கோயில், திருமயம் கோட்டை ஆகிய இடங்களில் தொல்லியல் இலாகா கட்டணம் வாங்குகிறது. 2018-இல் வகுத்த விகிதப்படி ஓர் இடத்துக்கு ஆளுக்கு 25 ரூபாய். பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. குடுமியான்மலைக் கோயிலுக்கும், நார்த்தாமலையில் விஜயாலய சோழீசுவரத்துக்கும் சீட்டே கிடையாது. எல்லாம் கூட்டினாலும் ஓர் ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு ஆகாது. பெருஞ்செலவு வாடகைக் காருக்குத்தான். திருமயம் தெற்கே சுமார் இருபது கிலோமீட்டர். கொடும்பாளூரோ எதிர்த் திசையில் அதற்கு ஏறக்குறைய இரட்டிப்பு. எந்தச் சீட்டும் அந்தத் தூரத்தைக் குறைக்காது.

அத்தான் விடவில்லை. “அப்படியானால் காருக்குக் கொடுக்கிற பணத்துக்கு ஐந்து இடங்களையும் ஒரே நாளில் முடித்துவிடுவோம். அம்மாவால் இவ்வளவும் ஏற முடியாது, வீட்டில் இருக்கட்டும்” என்றார்.

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. நமக்குத்தான் சுருக்கென்றது. நாற்பது வருஷமாக அவர்கள் சித்தன்னவாசலுக்குப் பதினாறு கிலோமீட்டர் தொலைவில் குடும்பம் நடத்துகிறார்கள். ‘நாளைக்குப் போகலாம்’ என்று சொல்லிச் சொல்லியே நாம் ஒருநாளும் அழைத்துப் போகவில்லை. இன்னும் எத்தனை பொங்கல் அந்த முழங்கால்கள் தாங்கும்? “நாளை இரண்டே இடம், அம்மா வருகிறார்கள்” என்று தீர்மானம் செய்தோம்.

காலையில் சித்தன்னவாசல். குன்றின் உச்சியில், சமண முனிவர்கள் படுத்திருந்த வழவழப்பான கற்படுக்கைகளுள்ள ஏழடிப்பட்டத்துக்கு, அத்தானும் குழந்தைகளும் ஏறினார்கள். நாம் தாயாரைக் கைத்தாங்கலாக அறிவர் கோயில் குகைக்கு அழைத்துச் சென்றோம். முதலில் விதானத்தில் ஒன்றும் புலப்படவில்லை. கண் இருளுக்குப் பழகியதும் தாமரைத் தடாகம் மெல்ல மெல்ல வெளிப்பட்டது. மீன், வாத்து, யானை, எருமை. நடுவே பூப்பறிக்கும் மனிதர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. ஆசிரியர் என்ற சொல்லைக் கேட்டு நாம் சிறிது நிமிர்ந்து நின்றோம். தாயாரோ பூப்பறிக்கிறவனையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “மண்டுக் குளத்தில் இப்படித்தான் உன் தாத்தா எனக்குத் தாமரை பறித்துத் தருவார்” என்றார்கள். அதுவரை நாம் கேட்டிராத கதை அது. கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

பிற்பகல் குடுமியான்மலை. பாறையில் பொறித்த இசைக் கல்வெட்டின் முன்னால் நம் மருமகள் ஸ்வர எழுத்துக்களைத் தேடிக்கொண்டே நின்றாள். பொழுது சாய்ந்துவிட்டது. மூன்று இடங்கள் பாக்கி. அத்தான் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பும்போது, “திருமயம் அடுத்த தடவைக்கு இருக்கட்டும். சத்தியமூர்த்தி பிறந்த ஊரை அவசரமாகப் பார்க்கக் கூடாது” என்றார்.

ஆகையால் மொத்தச் சீட்டே கூடாது என்று நேயர்கள் எண்ண வேண்டாம். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே சீட்டுத்தான். இரண்டும் அருகருகே இருப்பதால் அது சௌகரியமே. எங்கே போனாலும் நாலு விஷயங்களை விசாரித்துக்கொண்டால் போதும். சீட்டு இல்லாவிட்டாலும் போயிருப்போம் என்ற இடங்களின் கட்டணத்தை மட்டும் கூட்ட வேண்டும். குழந்தைகளுக்கு ஏற்கனவே இலவசமா என்று கேட்க வேண்டும். எந்த நாள் விடுமுறை, சீட்டு எத்தனை நாள் செல்லும் என்று பார்க்க வேண்டும். கடைசியாக, கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் ஒரு நாளில் எத்தனை இடம் பார்ப்பார் என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைக்கும் சீட்டு லாபமானால் தாராளமாய் வாங்கலாம்.

அன்று எங்களுக்கு நுழைவுக் கட்டணமாக ஆன செலவைக் கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறோம். தாத்தா தாமரை பறித்த கதையை வரவுப் பக்கத்தில் எவ்வளவு என்று எழுதுவது? கணக்கு உபாத்தியாயரைத்தான் கேட்க வேண்டும்!