உப்புக்கறை

நீலாங்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் தெருவில் அந்த வாட்டர் வாஷ் கடை. தகரக் கூரைக்குக் கீழே வெள்ளை நிற கால் டாக்சி ஒன்று கழுவி முடித்த ஈரத்தோடு நிற்கிறது. பக்கத்துப் பஞ்சர் கடையில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு, எதிரில் கிடக்கும் பெஞ்சில் நான். வண்டியின் உடம்பு பளபளக்கிறது. முன்கண்ணாடி காயக் காய, ஈரத்தில் ஒளிந்திருந்த வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பி வருகின்றன. கீழ்ப்பகுதியில், வைப்பர் படுத்திருக்கும் இடத்தை ஒட்டி, சுண்ணாம்பு காய்ந்தாற்போல் ஒரு பட்டை.

"பாத்தீங்களாண்ணே, இதான். ராத்திரி ஏர்போர்ட் டிரிப் போறப்ப எதிர்ல வர்ற லைட்டு கண்ணாடி பூரா சிதறுது. ரோட்டைத் தாண்டுற ஆளே கண்ணுக்குத் தெரியல" என்கிறார் டிரைவர். முப்பத்தைந்து வயதிருக்கும். தூக்கம் போதாத கண்கள்.

கடைக்காரர் அறுபதை நெருங்குகிறவர். பதில் சொல்லவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு கண்ணாடியின்மேல் விரல்களை ஓட்டுகிறார். வெறும் விரலுக்கு அகப்படாத சொரசொரப்புகூடக் கவருக்கு மேலாகத் தடவினால் தெரிந்துவிடும். சில இடங்களில் விரல் நின்று தயங்குகிறது. சில இடங்களில் புள்ளி கண்ணுக்குத் தெரிந்தும் விரல் தடங்கலில்லாமல் போகிறது. அங்கேதான் அவர் முகம் சுருங்குகிறது.

"வண்டிய எங்க நிறுத்துற தம்பி?"

"வீட்டாண்டதான். டேங்க் வழியிற பைப்புக்குக் கீழ."

"போர் தண்ணியா?"

"போர்தாண்ணே. சோப்பே நுரைக்காது."

அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் வரம்பு வைத்திருக்கிறது. சோப்பு நுரைக்காத தண்ணீர் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. கடலோரத்து நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும், வெயிலில் சுடும் கண்ணாடியில் விழுந்த துளி ஆவியாகிப் போன பிறகு அங்கேயே தங்கிவிடுகின்றன. அடுத்த துளி அதே இடத்தில் விழுந்து இன்னொரு படலம் ஏற்றுகிறது. இதோடு கடற்காற்று கொண்டுவரும் உப்பு வேறு.

போனட்டைத் தொட்டுப் பார்க்கிறார். சூடு இன்னும் இறங்கவில்லை. "ஆறட்டும்" என்று உட்கார்ந்துவிடுகிறார். டிரைவர் போனைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைக்காரர் அசையவில்லை. எனக்கு அந்த உட்காரல் பிடித்திருந்தது. சூடான கண்ணாடியில் எதை ஊற்றினாலும் அது வேலை செய்வதற்கு முன்னே காய்ந்து, தானும் ஒரு கறையாகிவிடும்.

ஆறியதும் பையன் வெள்ளை வினிகர் பாட்டிலைக் கொண்டுவருகிறான். பதினெட்டு, பத்தொன்பது வயது. போனட்டின் மேல் ஈரத்துண்டு விரிக்கிறான். பெயின்டில் வழியக்கூடாது. பழைய பனியன் துணியை வினிகரில் நனைத்து, கண்ணாடியின் கீழ்ப்பட்டைமேல் ஒட்டவைக்கிறார்கள்.

"பாத்ரூம் ஆசிட் ஊத்துனா டக்குனு போயிடும்னு சொன்னாங்களேண்ணே?"

"கறை போகும். கூடவே பெயின்டும் போகும், ரப்பரும் போகும், வைப்பர் கம்பியும் அரிச்சிடும். அந்த வேலை இங்க கெடையாது."

குரல் உயரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் துணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்கிறார். எழுந்து போய் நானும் எட்டிப் பார்த்தேன். தடித்த பட்டையின் ஓரத்தில் ஊசிமுனைக் குமிழிகள் எழும்பி உடைந்துகொண்டிருந்தன. வினிகரின் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும்போது கிளம்பும் கரியமில வாயு. வெண்மை கூழாகி வழிகிறது. நல்ல தண்ணீர் கேனிலிருந்து ஊற்றி அலசுகிறார்கள். போர் தண்ணீரில் அலசினால் செய்த வேலையெல்லாம் வீண்.

துடைக்கப் போன பையன் கையிலிருந்து துணி நழுவித் தரையில் விழுகிறது. சட்டென்று எடுத்து உதறிவிட்டுக் கண்ணாடியில் வைக்கப் போகிறான்.

"டேய்."

அவ்வளவுதான். பையன் துணியை மூலை வாளியில் போட்டுவிட்டு வேறு துணி எடுக்கிறான். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புப் படிவு 3, கண்ணாடி ஏறத்தாழ 5.5, கடற்கரை மணலின் குவார்ட்ஸ் 7. அதாவது கறையால் கண்ணாடியைக் கீற முடியாது, துணியில் ஒட்டிய ஒரு மணல்துகளால் முடியும். இந்தத் தெருவெல்லாம் மணல். கறை எடுக்கிறேன் என்று கண்ணாடியில் வட்டவட்டமாகக் கோடு போட்டுவைத்த வண்டிகளை ஊரில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

கண்ணாடியின் மேலே, வண்டிக் கூரையை ஒட்டி, மரத்துப் பிசின் இரண்டு சொட்டு இறுகிக் கிடந்தது. அதற்குப் புது பிளேடு. சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, பிளேடைக் கண்ணாடியோடு படுக்கிறாற்போல் சாய்த்து, முன்னோக்கி ஒரே தள்ளு. திரும்ப இழுக்காமல் தூக்கிவிடுகிறார். மறுபடி தண்ணீர், மறுபடி ஒரு தள்ளு. பிசின் சுருண்டு பிளேடோடு வந்துவிட்டது.

இப்போது கண்ணாடி ஏறக்குறைய தெளிந்துவிட்டது. விரல் தடையில்லாமல் போன புள்ளிகள் மட்டும் அசையாமல் இருக்கின்றன. கைநகத்தால் தட்டிப் பார்க்கிறார், மறுபடி வினிகர் வைத்துப் பார்க்கிறார். மாற்றமில்லை.

"இது மேல இல்ல தம்பி. உள்ள எறங்கிடுச்சு."

போர் தண்ணீரில் சிலிக்காவும் உண்டு. கண்ணாடிக்கும் அதுதான் முதற்பொருள். வினிகருக்கு அது மசியாது. மாதக்கணக்கில் படிவு உட்கார்ந்த இடத்தில் கண்ணாடியே அரிபட்டும் போகும். துடைத்தெடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. கண்ணாடியையே மயிரிழை தேய்த்துச் சமன்படுத்த வேண்டும்.

பையன் காருக்குள் ஏறி, உள்பக்கமாக மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வட்டம் போடுகிறான். வெளியே தேய்க்கும்போது குறி அழியாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. கடைக்காரர் சீரியம் ஆக்சைடு பவுடரை மோர் பதத்தில் கரைக்கிறார். கம்பளி வட்டு மாட்டிய பஃபிங் மெஷின் மெதுவாகச் சுற்றத் தொடங்குகிறது. ஒரே இடத்தில் நிற்பதில்லை. வட்டு காய்வதற்குள் தண்ணீர் தெளிக்கிறான் பையன். இடையிடையே மெஷினை நிறுத்திவிட்டுப் புறங்கையால் கண்ணாடியைத் தொட்டுச் சூடு பார்க்கிறார். ஒரே இடத்தில் சூடேறினால் கண்ணாடி விரிசல் விடலாம்.

வட்டங்களுக்குள் இருந்த புள்ளிகள் மங்கி, மறைந்தன. இரண்டு மட்டும் போகவில்லை, இரண்டும் ஸ்டியரிங்குக்கு நேராக. கடைக்காரர் மெஷினை அணைத்துவிட்டார்.

"அதையும் எடுத்துடுங்கண்ணே. அதுதான் கண்ணுக்கு நேரா இருக்கு."

"அதனாலதான் விடுறேன். அங்க இன்னும் தேய்ச்சா பள்ளம் விழும். ரோடு நெளிஞ்சு தெரியும். புள்ளி தேவலாம்."

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்கிறார். பையன் எதிரே நின்று செல்போன் டார்ச்சைக் கண்ணாடிமேல் அடிக்கிறான். ஒளி ஒரே இடத்தில் நிற்கிறது. அதுவரை நெற்றியில் இருந்த சுருக்கம் டிரைவருக்கு எப்போது போனதென்று நான் கவனிக்கவில்லை.

"போதும்ணே. பைப்பை மாத்தச் சொல்லி அசோசியேஷன்ல கேக்கறேன்."

"அவங்க மாத்துற வரைக்கும் வண்டிய ரெண்டடி தள்ளி நிறுத்து. தண்ணி விழுந்தா வெயில் ஏர்றதுக்கு முன்ன தொடச்சிடு."

காசு எடுக்கக் கை பாக்கெட்டுக்குள் போகிறது. கடைக்காரர் அதற்குள் வைப்பரைத் தூக்கிப் பிடித்து, ரப்பர் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருக்கிறார். விரல்நுனியில் கறுப்பும் மணலுமாக அப்பி வருகிறது. ஓரம் கிழிந்திருக்கிறது.

"இத வெச்சுக்கிட்டு இந்தக் கண்ணாடியில ஓட்டாத."

"அடுத்த மாசம் மாத்திக்கறேண்ணே."

"இன்னிக்கே மழ வந்தா?"

டிரைவர் சிறிது யோசித்துவிட்டு இன்னொரு நோட்டை எடுத்துப் பையனிடம் நீட்டுகிறார். அவன் அதை வாங்கிக்கொண்டு எதிர்சாரி ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு ஓடத் தொடங்க, கடைக்காரர் பின்னாலிருந்து கத்துகிறார்: "ரெண்டும் ஒரே சைஸ் இல்லடா, அளந்துட்டுப் போ!"