கயஹோகாவின் கரையில்

கிளீவ்லாந்து போகிறவர்கள் கயஹோகா ஆற்றின் முகத்துவாரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் ஜியாகா மாவட்டத்தில் அது பிறக்கும் இடத்திலிருந்து ஈரி ஏரி 50 கி.மீ.கூட இல்லை. ஆனால் ஆறு ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே போகிறது. ஆக்ரன் அருகே மேட்டுநிலம் மறித்த பிறகே வடக்கே திரும்பி, மொத்தம் ஏறக்குறைய 160 கி.மீ. ஓடி ஏரியில் கலக்கிறது.

அந்த மேட்டுக்கு அப்பால் டஸ்கராவாஸ் ஆறு. அதன் நீர் மிசிசிப்பியில் சேர்ந்து தெற்குக் கடலுக்குப் போகிறது. பூர்வகுடிகள் தோணியைத் தோளில் சுமந்து, 13 கி.மீ. நடந்து, ஓர் ஆற்றிலிருந்து மற்றதற்குப் போனார்கள். அந்தத் தடத்தின் பெயர் இன்றும் ஆக்ரனில் ஒரு தெருவுக்கு இருக்கிறது: போர்ட்டேஜ் பாத். 1827இல் ஆக்ரனையும் கிளீவ்லாந்தையும் கால்வாய் இணைத்தது. கோவேறு கழுதைகள் படகிழுத்த கரைப்பாதையில் இப்போது சைக்கிள்கள் போகின்றன. நான் நடந்தே போனேன். பிரெக்ஸ்வில்லில் பழைய இரும்புப் பாலத்தருகே முன்பு ஓர் அணை இருந்தது, 2020இல் இடித்துவிட்டார்கள். தண்ணீர் கல்லுக்குக் கல் சலசலத்து ஓட, முழங்காலளவு நீரில் ஒரு நாரை அசையாமல் நின்றது. சட்டென்று கழுத்தை நீட்டியது. அலகில் மீன் துள்ளியது.

இந்த ஆற்றில் மீன் துள்ளுவது சாதாரணச் செய்தி அல்ல. எஃகு ஆலைகளின் எண்ணெயும் நகரத்துச் சாக்கடையும் கலந்து, 1868 முதல் பலமுறை தீப்பற்றிய ஆறு இது. 1952இல் மூண்ட தீ பத்து லட்சம் டாலருக்கு மேல் சேதம் விளைவித்தது. உலகம் பேசியதோ 1969 ஜூன் 22 அன்று அரை மணி நேரத்துக்குள் அணைந்துபோன சிறிய தீயைப் பற்றி. அதைப் படமெடுக்க யாருமில்லை; டைம் இதழ் 1952ஆம் ஆண்டுப் படத்தைத்தான் வெளியிட்டது. தீப்பிடித்த மறுநாளே கிளீவ்லாந்து மேயர் கார்ல் ஸ்டோக்ஸ் பத்திரிகையாளர்களை அழைத்துப்போய், கழிவு கலக்கும் இடங்களைக் காட்டினார். 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது.

தீதான் ஆற்றைக் காப்பாற்றியது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. தீக்கு முந்தைய ஆண்டே, ஆற்றைச் சுத்தப்படுத்தப் பத்துக் கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு கிளீவ்லாந்து மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்துவிட்டார்கள். ஆறு பிழைத்ததில் முதல் பங்கு அந்த வாக்காளர்களுக்கே.