கிலோ கணக்கில் ஒரே ஒரு முருகன்

“கிலோ என்ன வெல?”

காரை விட்டு இறங்கியவர் முதலில் கேட்டது அதைத்தான். பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்த ஸ்தபதி எழுந்திருக்கவில்லை. “எந்தச் சாமி, எத்தன அங்குலம்? அதச் சொல்லுங்க சார், அப்புறம் பேசலாம்” என்றார். கும்பகோணத்துக்கு மேற்கே இருக்கிற சுவாமிமலையில் இது புதிய பேச்சில்லை. நான் அங்கே இருந்த அரை நாளுக்குள் இரண்டு தடவை காதில் விழுந்துவிட்டது.

உள்ளே மெழுகு வேலை. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த கட்டி, கையில் பிடித்தால் பிசைந்த மாவாக இளகுகிறது. இருபது வயதுக்காரர் ஒருவர் அதில் தீக்குச்சி அளவுக்குத் திரி உருட்டி, சூடான கம்பியை ஒரு கணம் தொட்டு, முருகனின் உள்ளங்கையில் விரலாக ஒட்டுகிறார். உடனே தண்ணீரில் ஒரு முக்கு. அடுத்த விரல். பக்கத்தில் ஓர் ஓலை நறுக்கு கிடக்கிறது. சிலையின் உயரத்துக்கு அதை வெட்டி, மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார்கள். சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 பங்கு, அம்மனுக்கு 120. முகத்துக்கு எத்தனை, முழங்காலுக்கு எத்தனை என்பதை அந்த மடிப்பு சொல்லும். அளவுகோல் ஒன்று சுவரில் தொங்குகிறது. அதை யாரும் எடுத்து நான் பார்க்கவில்லை.

மெழுகின் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல். முகப்பவுடர் மாதிரி நைசாக இருப்பதால் மெழுகில் கீறிய நகக்கோடுகூட அந்த மண்ணில் பதிந்துவிடுகிறது. நிழலில் உலர்த்தி, அடுத்தடுத்து கரடான மண் பூசி, கம்பி கட்டுவார்கள். வறட்டி நெருப்பில் வைத்தால் மெழுகு உருகி வழிந்துவிடும். உள்ளே சாமியின் வடிவத்தில் ஒரு வெற்றிடம். அந்த அச்சை வாய் மேலே இருக்க மண்ணில் புதைத்து, மூசையில் உருகிய உலோகத்தை நூல் பிடித்தாற்போல் ஊற்றுகிறார்கள். ஐம்பொன் என்று பெயர் என்றாலும் பெரும்பங்கு செம்புதான். அதோடு பித்தளையும் கொஞ்சம் ஈயமும். பொன்னும் வெள்ளியும் பேருக்குத்தான். ஒரு கிலோ மெழுகு இருந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்பது கிலோ உலோகம் போய் உட்காரும். ஊற்றும்போது விளிம்பில் பச்சையாக ஒரு சுடர் எழுந்தது. அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆறிய பிறகு சுத்தியல். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அச்சும் அதோடு போயிற்று. காற்றுக்குமிழ் புகுந்து கை ஓட்டையாகிவிட்டால் திரும்ப மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிரான்ஸில் ஒரே அச்சிலிருந்து வார்த்த வெண்கலச் சிலைகளில் 12 வரைக்கும் ‘அசல்’ என்று ஏற்கிறார்கள். எட்டுக்கு எண், நாலு கலைஞருக்கு. பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் சிலைகளுக்கு விலைப்பேச்சு இந்த எண்களைச் சுற்றித்தான். பீர் பாட்டிலிலும் கைக்கடிகாரத்திலும் எண் பொறித்து, ‘இவ்வளவுதான் செய்தோம்’ என்று விலை ஏற்றுவதும் இதே வழிதான். சுவாமிமலையில் எண்ணே ஒன்றோடு முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பொருளைத்தான் தராசில் வைக்கிறார்கள்.

கிலோ கணக்கை முழுக்கத் தப்பென்றும் சொல்ல முடியாது. செம்பின் விலை எடைக்குத்தான். ஆனால் கூலி எடையில் இல்லை. வார்ப்பிலிருந்து வருகிற சிலை கரடுமுரடாக, நகை ஏதும் தெளியாமல் இருக்கும். சோழர்காலத்தில் நுணுக்கத்தின் பெரும்பகுதியை மெழுகிலேயே முடித்துவிட்டார்கள் என்பது கலை வரலாற்றாளர்களின் கணிப்பு. இன்றோ அது உளிக்கும் அரத்துக்கும் வந்துவிட்டது. செதுக்குகிறவர் குத்துக்காலிட்டு, பாதத்தால் சிலையை அணைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தட்டுகிறார். சின்னச் சிலையானாலும் கண், விரல், மகரகுண்டலம் எதுவும் குறைவதில்லை. அதனால் ஆறு அங்குலச் சாமிக்குக் கிலோ விலை மூன்றடிச் சாமியைவிடக் கூடுதல். வாங்க வருகிறவர்கள் சண்டை போடுவதும் இந்த இடத்தில்தான்.

ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றி ஒரே முருகனை நூறு முருகனாக்குகிற வேலையும் நடக்கிறது. பூஜை அறைக்கு அது போதும் என்றால் போதும்தான். ஆனால் அதை ‘ஒன்றே ஒன்று’ என்று விற்றால், அந்த விலை தண்டம். முதுகைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்: பின்னலும் சிரச்சக்கரமும் மழுங்கலாக, உளி படாமல் கிடக்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனும் அவன் வீட்டாரும் கொடுத்த திருமேனிகளின் பட்டியல் இருக்கிறது. பொன் திருமேனி என்றால் ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்து, இத்தனை கழஞ்சு என்கிறார்கள். செப்புத் திருமேனிகளுக்கு வரும்போது அளவு மாறிவிடுகிறது: பாதம் முதல் கேசம் வரை இத்தனை முழம், இத்தனை விரல். செம்பில் வார்த்த சாமியை அவர்கள் உயரத்தால் அடையாளம் சொன்னார்கள்.

இன்று அந்தச் செப்புத் திருமேனிகளுக்கு எடையோடு ஒட்டாத விலையும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014-ல் திருப்பித் தந்தது. அதே மெழுகுமுறையில் சுவாமிமலையில் வார்த்த 27 அடி, 18 டன் நடராஜர் 2023 ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்துக்குப் போனார். செய்திகளில் அவருடைய டன் கணக்கு முந்திக்கொண்டு வந்தது.

காரில் வந்தவர் கடைசியில் ஓர் ஆறு அங்குல முருகனை எடுத்தார். “சின்னதுக்கு ஏங்க கிலோவுக்கு இவ்வளவு?” என்று மறுபடி ஆரம்பித்தார். ஸ்தபதி பதில் சொல்லாமல் சிலையைத் திருப்பி, முதுகுப் பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். பிடரியில் ஒவ்வொரு சுருளாக முடி இறங்கியது. வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

பிறகு தராசில் வைத்தார்கள். 1 கிலோ 350 கிராம்.