கிரகணம் நிரூபித்தது எதை?

பாடத்தையும் விசுவாசத்தையும் சேர்த்தே சொல்லித்தர முடியுமா? யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் முயன்று பார்த்திருக்கிறார்கள். 1823-ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே ஒரு செமினரி தொடங்கினார்கள். கணிதம், வானியல் எல்லாமே கிறிஸ்தவப் பார்வையில்தான்.

1829-ல் சந்திர கிரகணம் வந்தது. உள்ளூர்ப் பஞ்சாங்கம் சொன்ன நேரமும் முதல்வர் டேனியல் பூவர் போட்ட கணக்கும் ஒத்துப்போகவில்லை. பூவரின் கணக்கே சரியாக இருந்தது. புராணத்தின் பிடி தளரும், மாணவர்கள் கிறிஸ்துவிடம் வருவார்கள் என்று மிஷனரிகள் நம்பினார்கள்.

ஆனால் பஞ்சாங்கம் பிசகினால் வேதாகமம் நிரூபணமாகிவிடுமா? அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பிறகு சைவத்தைப் போற்றி நூல் எழுதினார். 1887-ல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். படிப்பை எடுத்துக்கொண்டார், ஆசிரியர்கள் எதிர்பார்த்த முடிவை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று வெள்ளிமலை போன்ற மலையூரில் பாடம் நடத்தும் கிறிஸ்தவ ஆசிரியருக்கும் இதில் ஒரு சேதி உண்டு. கணக்கு எல்லோருக்கும் ஒரே கணக்குதான். அதை நேர்மையாகப் போடுவது, கற்றதை யாருக்காகப் பயன்படுத்துவது என்ற இடத்தில்தான் விசுவாசத்துக்கு வேலை இருக்கிறது.