எட்டு நாள் விடுப்பு

எங்கள் பள்ளியில் மாணவர் வருவதற்கு முன்பே வந்துவிடும் அம்மையார் ஒருவர் இருந்தார். வகுப்பறைகளைக் கூட்டி, கழிவறைகளைக் கழுவி, கால்வாயில் தேங்கிய சருகுகளை அள்ளிய பின்னரே காலைத் தேநீர் அருந்துவார். மாணவர்க்கு அவர் அக்கா, எனக்கு அம்மா. அரசாங்க ஏடுகளிலோ அவர் பள்ளி ஊழியர் அல்லர். குத்தகையாளர் ஒருவரின் தற்காலிகத் தொழிலாளி.

2023ஆம் ஆண்டில் ஒருநாள், மகளின் திருமணத்திற்காக விடுப்பு விண்ணப்பம் எழுதித் தருமாறு என்னிடம் வந்தார்.

"ஆண்டுக்கு எத்தனை நாள் விடுப்பு அம்மா?" என்று கேட்டேன்.

"எட்டு நாள் ஐயா. சேர்ந்த அன்றும் எட்டு, இன்றும் எட்டு" என்றார்.

அது அவருக்குப் பன்னிரண்டாம் ஆண்டு. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணி செய்தவருக்கு 8 நாள் விடுப்பு. ஐந்து ஆண்டு வரை 12 நாள். அதற்கு மேல் 16 நாள். ஆனால், இரண்டாண்டுக்கு ஒருமுறை குத்தகையாளர் மாறினார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அம்மையார் புதுத் தொழிலாளியாக மறுபிறவி எடுத்தார். சீருடையின் நிறம் ஐந்து முறை மாறியது. துடைப்பம் பிடித்த கை மாறவில்லை.

அவருடைய தங்கை அரசாங்க மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்பவர். மருத்துவமனைத் துணைச் சேவைகள் 1997ஆம் ஆண்டு தனியாரிடம் விடப்பட்டபின், அங்கும் இதே கதைதான். ஆயினும் அத்தொழிலாளர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 2020ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், ஈப்போ மருத்துவமனை முன் மறியலில் ஈடுபட்டோருள் ஐவர் கைதானது நாடறிந்த செய்தி. தங்கையின் வழியாக அம்மையாரின் நெஞ்சிலும் அந்த எண்ணம் வேரூன்றியது.

"ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் சங்கம் பதிய விண்ணப்பிக்கலாமாம் ஐயா. நாலு பள்ளிக்கூடத்தில் இருந்து ஏழு பேர் இருக்கிறோம். உட்கார்ந்து பேச இடமில்லை. சனிக்கிழமை ஒரு வகுப்பறை கிடைக்குமா?"

அவர் கூறியது சரியே. 1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் அந்த ஏழு பேருக்கும் உரிமை தந்திருந்தது. நான்தான் தரவில்லை. "பள்ளிக் கட்டடத்தை இதற்கெல்லாம் கொடுக்க இயலாது, அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு எழுதி அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம்கூட எனக்கு எழவில்லை. அவர்கள் கோயில் மண்டபத்தில் கூடிப் பேசினார்கள்.

என் பாட்டனார் கிள்ளான் வட்டாரத்தில் பால்மரம் சீவியவர். துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அக்காலத்து வழக்கம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, "இனி இறங்கமாட்டோம்" என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி வசதி வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. வகுப்பில் இவ்வரலாற்றை எத்தனை முறை பெருமிதத்தோடு கூறியிருப்பேன்! கல்வி கேட்டுப் போராடிய அந்தத் தலைமுறையின் பேரன், கூடிப் பேச வந்த எழுவருக்கு வகுப்பறைக் கதவைச் சாத்தினேன்.

அடுத்த குத்தகையாளர் வந்தார். மற்ற இரு பணிப்பெண்களையும் எடுத்துக்கொண்டார். அம்மையாரை மட்டும் எடுக்கவில்லை. காரணம் கூறப்படவில்லை, நானும் கேட்கவில்லை. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரைப் பணிநீக்கம் செய்யலாகாது என்று 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் கூறுகிறது. ஆனால், இங்கே நீக்கியவர் யார்? பழையவரின் குத்தகை முடிந்துவிட்டது. புதியவர் அவரை நியமிக்கவே இல்லை. சுட்டிக்காட்ட ஒரு முதலாளிகூட இல்லாத நிலைதான் தற்காலிகத் தொழிலாளியின் பெருந்துன்பம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

விடைபெற வந்தபோது அம்மையார் என்னைக் குறை கூறவில்லை. "இங்கே வேலை செய்தேன் என்று ஒரு கடிதம் மட்டும் எழுதித் தாருங்கள் ஐயா" என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் இடையறாது இப்பள்ளியில் பணியாற்றினார் என்று எழுதி, கையொப்பமிட்டு முத்திரையும் வைத்தேன். ஆறு குத்தகையாளர்களின் தாள்களில் இரண்டிரண்டாகச் சிதறிக் கிடந்த அவர் உழைப்பு, அந்த ஒரு தாளில்தான் பன்னிரண்டாகச் சேர்ந்தது. அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த எழுவருள் ஒருவர் இன்றும் எங்கள் பள்ளியில் பணிபுரிகிறார். இவ்வாண்டு அவர் மீண்டும் வந்து வகுப்பறை கேட்டார். அனுமதி வேண்டி மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஆசிரிய நண்பர்களே, மாதந்தோறும் ஒரு படிவம் என் மேசைக்கு வருகிறது. துப்புரவுப் பணி நிறைவாக நடைபெற்றது என்று அதில் நான் கையொப்பமிட்டால்தான் குத்தகையாளருக்குப் பணம் கிடைக்கும். பல ஆண்டுகள் அதைப் படிக்காமலே கையொப்பமிட்டேன். இப்போது ஒவ்வொரு வரியையும் படிக்கிறேன். பணியைச் செய்தவரின் பெயரை எழுத அதில் இடமே இல்லை.